வரலாற்றுத் தாளுக்கு ‘பை’யை வைத்துப் படித்தேன்

முடிவு வந்துவிட்டது. இத்தனை நாளும் என்னை மிரட்டிய வரலாற்றில்தான் அதிக மதிப்பெண். அட்டவணை, பழைய வினாத்தாள் எல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால், எனக்குக் கைகொடுத்த ஒரே உத்தியை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு மன்னர் பெயர்கள் மனதில் நிற்காது, கணக்கு நிற்கும். அதனால் ‘பை’யை, அதாவது வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் π என்ற எண்ணை (3.14...), பிடித்துக்கொண்டேன். எந்தக் காலத்தைப் படித்தாலும் மூன்று கேள்விகள்: அப்போது பையின் மதிப்பைக் கண்டவர் யார், எந்த முறையில், அவருக்குப் படியளந்தது யார்? மூன்றாவதுதான் உயிர். அதைத் தேடிப் போனால் அக்கால அரசியல் தானாக வந்துவிடும்.

மத்திய ஆசியாவின் சமர்கந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1424-இல் கணித அறிஞர் அல்-காஷி பையை 16 தசம இடங்கள் வரை கண்டார். பிரபஞ்சத்தின் சுற்றளவையே கணக்கிட்டாலும் ஒரு குதிரை மயிரின் தடிமன்கூடப் பிசகக் கூடாதாம்! படியளந்தவர் உலுக் பெக், தைமூரின் பேரன். தாத்தா நகரங்களைச் சூறையாடினார், பேரன் வானாய்வகம் கட்டினார். 1449-இல் பெற்ற மகனே அவரைக் கொல்லவைத்தான். தைமூரியர் பாடம் அதோடு எனக்கு மறக்கவே இல்லை.

ஏறக்குறைய அதே காலம், கேரளத்தில் கணித அறிஞர் சங்கமகிராம மாதவர். வட்டத்தை ஒட்டிப் பலகோணம் வரைந்து அளக்கும் பழைய முறையை விட்டுவிட்டு, முடிவிலாத் தொடரால் (முடிவே இல்லாமல் நீளும் கூட்டலால்) 11 இடங்கள். அரசவை ஆதரவு ஒருபக்கம், குரு-சீடர் மரபு மறுபக்கம். ஒப்பிடும் வினாவுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

அப்புறம், நான் சுவரில் ஒட்டியிருந்தவை:

- ஆர்க்கிமிடீஸ், 96 பக்கப் பலகோணம்: ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த இரண்டாம் பியூனிக் போர், கி.மு. 212-இல் அவர் ஊரான சிராக்யூஸின் வீழ்ச்சி.
- லுடால்ஃப் வான் கூலன், 35 இடங்கள்: ஸ்பெயினை எதிர்த்த டச்சுப் போர். ராணுவப் பொறியாளர்களை உருவாக்க 1600-இல் லைடனில் பள்ளி, அதில் இவர் ஆசிரியர்.
- எனியாக், 1949, 2037 இடங்கள்: பீரங்கிக் கணக்குக்காக அமெரிக்க ராணுவம் செய்வித்த கணினி.

விடைத்தாளில் பையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். நினைவுபடுத்திக்கொள்ள மட்டும்தான் அது. கேள்வி தைமூரியரைப் பற்றி என்றால் முதல் வரியிலேயே தைமூரியர் வந்துவிட வேண்டும்.

நிலவரி, தொழிலாளர் இயக்கம் போன்ற பாடங்களுக்கு இந்த வழி எட்டாது. அவற்றைப் புத்தகத்தில் வரிக்கு வரி படித்தே ஆக வேண்டும். கடைசி வாரத்தை அவற்றுக்கே ஒதுக்குங்கள்.