வேம்பைச் சுற்றி அரை மணி நேரம்

போன மாதம் பேராவூரணிப் பக்கம் மரம் சாய்க்கும் வேலைக்குப் போயிருந்தேன். ஓட்டுவீடு. கொல்லையில் பழைய வேம்பு, ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. "மழைக்கு முன்னாடி எடுத்துக் குடுத்துருய்யா, ராத்திரி காத்தடிச்சா தூக்கமே வரல" என்றார் அந்த வீட்டு அப்பத்தா. அவர் மகனுக்குத்தான் அவசரம். "மிஷின்தானேண்ணே, அஞ்சு நிமிஷத்துல சாச்சுரலாம்" என்றார். நான் மிஷினை, அதாவது மரம் அறுக்கும் செயின் ரம்பத்தை, வண்டியிலிருந்து இறக்கவில்லை. அரை மணி நேரம் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இந்தப் பழக்கம் என் தாய்மாமாவிடமிருந்து வந்தது. இரண்டு பேர் இழுக்கும் கைரம்பக் காலத்து ஆள் அவர். மரத்துக்கு எட்ட நின்று, கொத்தனார் தூக்குக்குண்டைக் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டு, அடிமரம் எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்ப்பார். அப்புறம் தொண்ணூறு பாகை தள்ளி நின்று இன்னொரு முறை. அடிமரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கிளையின் கனம் வேறு பக்கம் இழுக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மரம் எங்கே போக நினைக்கிறது என்று தெரியும்.

உயரம் தெரிய ஒரு குச்சி போதும். கையை நீட்டிப் பிடித்தால் கண்ணிலிருந்து கை எவ்வளவு தூரமோ, அவ்வளவு நீளம் கைக்கு மேலே தெரியும்படி குச்சியை நேராக நிறுத்த வேண்டும். கைக்கு மேலே தெரியும் குச்சியின் அடியும் நுனியும் மரத்தின் அடியோடும் நுனியோடும் பொருந்தும்வரை பின்னால் நடக்க வேண்டும். பொருந்திய இடத்திலிருந்து மரம் வரை உள்ள தூரம்தான் ஏறக்குறைய அதன் உயரம். கூட்டத்தை அதைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு விலக்குவேன். எங்கள் ஊரில் மரம் சாய்ப்பது என்றால் திருவிழா மாதிரி வந்து நிற்பார்கள், குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு.

அண்ணாந்து பார்ப்பதும் முக்கியம். காய்ந்த கிளை ஏதாவது தொற்றிக்கொண்டிருக்கிறதா? கதண்டுக் குளவியின் கூடு இருக்கிறதா? மிஷின் அதிர்ந்ததும் கதண்டு கிளம்பினால், செயின் ஓடும் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

சாயும் பக்கம் முதலில் ஆப்பு வடிவில் போடும் வெட்டை மாமா 'வாய்' என்பார். மரத்தின் குறுக்களவில் நாலில் ஒரு பங்கு ஆழம் போதும். பிறகு பின்பக்கமிருந்து அறுத்து வர வேண்டும், வாயின் அடிமட்டத்துக்கு ஓரிரு விரல் மேலே. ஆனால் வாயைத் தொடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே, குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு, அறுபடாத மரக்கீற்று ஒன்று ஒரே தடிமனில் நிற்க வேண்டும். மாமா இதைப் 'பிடி' என்பார். கதவுக்குக் கீல் போல, மரத்தைக் கடைசிவரை திசை மாறாமல் இறக்குவது இதுதான். ஆசையில் இன்னும் கொஞ்சம் அறுத்துப் பிடி போய்விட்டால் மரம் யார் பேச்சையும் கேட்காது. அறுத்த இடைவெளி கொஞ்சம் திறந்ததுமே ஆப்பு வைத்துவிடுவேன், மரம் பின்னால் உட்கார்ந்து பிளேடைக் கவ்வாமல் இருக்க. முறியும் சத்தம் கேட்டதும் பின்பக்கம் சாய்வாக, முன்னமே செத்திச் சுத்தம் செய்து வைத்த வழியில் நடந்து விலகிவிட வேண்டும். நேர் பின்னால் நிற்கக் கூடாது.

நேர் பின்னால் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தைலமரத் தோப்பு. ஒரு மரம் நன்றாகச் சாய்ந்திருந்தது, சாயவேண்டிய பக்கமே. லேசான வேலை என்று நினைத்துப் பின்பக்கமிருந்து சாதாரணமாக அறுத்தேன். பாதி தாண்டியதும் அடிமரம் நெடுக்காகப் பிளந்தது. பின்பாதி ஆள் உயரத்துக்கு மேல் எகிறி, என் நெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது. மிஷின் கையை விட்டுப் போயிருந்தது. அன்று மாமா திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, "சாஞ்ச மரம் முதுகுல வில்லு மாதிரி இழுத்துக்கிட்டு நிக்கும் மாப்ள. அத மெதுவா அறுத்தா அது காத்திருக்காது, பிளந்துரும்" என்றார்.

இப்போது சாய்ந்த மரத்துக்கு வாய் போட்டபின், பக்கவாட்டில் பிளேடைக் குத்தி உள்ளே செலுத்துவேன். பிடிக்கு வேண்டியதை முன்னால் விட்டு, முதுகுப் பக்கமும் ஒரு மரக்கீற்றை அறுக்காமல் விட்டு, நடுவை மட்டும் எடுப்பேன். எல்லாம் சரி என்று பார்த்த பிறகு அந்த முதுகுக் கீற்றை வெட்டினால் மரம் ஒரே மூச்சில் போகும். குத்தும்போது பிளேடு மூக்கின், அதாவது நுனியின், கீழ்ப்பாதிதான் முதலில் படவேண்டும். மேல்பாதி பட்டால் மிஷின் முகத்தை நோக்கித் தூக்கி அடிக்கும். இடது கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி இருந்தால்தான் அப்போது செயினை நிறுத்தும் பிரேக் வேலைக்கு வரும்வரை பிடித்து நிற்க முடியும். கைலி கட்டிக்கொண்டு இந்த வேலைக்கு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். தொங்கும் துணியைச் செயின் இழுத்துக்கொள்ளும்.

விழுந்த மரம் பத்திரம் என்பதும் தப்பு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபின் எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்புகள் வேரோடு படுத்துக் கிடந்தன. நான் மிஷின் பிடித்ததே அந்த மாதம்தான். வேர்த்திரள் மண்ணோடு செங்குத்தாக எழும்பி நிற்க, பக்கத்தில் பெரிய குழி. அடியில் தண்டை அறுத்துவிட்டால் அந்த வேர்த்திரள் திரும்பக் குழிக்குள் உட்கார்ந்துவிடும். குழியில் யாரும் இல்லை என்று பார்க்காமல் ஒரு தண்டைக்கூட அறுத்ததில்லை. இரண்டு பக்கம் முட்டுக் கொடுத்துக் கிடக்கும் தண்டில் மேல்பக்கம் அமுங்கியிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். அமுங்கிய பக்கம் முதலில் கொஞ்சம், பிறகு இழுபட்ட பக்கம். மாற்றிச் செய்தால் பிளேடு சிக்கும், இல்லையென்றால் தண்டு எகிறும்.

அந்த வேம்புக்கு வருகிறேன். கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். மூன்று பக்கம் கெட்டியான சத்தம். வீட்டுப் பக்கம் மட்டும் குடத்தைத் தட்டியது போல் கேட்டது. பிளேடின் மூக்கைக் கொஞ்சமாக நுழைத்துப் பார்த்தேன். மரத்தூள் முதலில் வெளுப்பாக வந்து, நாலு விரல் ஆழத்திலேயே கறுப்பாக, ஈரமாக மாறியது. பிடி நிற்கவேண்டிய இடமே சொத்தை.

"சாய்க்க மாட்டேன். மேலேர்ந்து துண்டு துண்டாத்தான் எடுக்கணும். கயிறு, கூட ரெண்டு ஆள், ரெண்டு நாள் ஆகும். நான் மரத்துல ஏறமாட்டேன், அது உளுத்த மரம். கிரேன் கூடை வேணும்" என்றேன். மகன் முகம் சுருங்கியது. செலவு மூன்று மடங்கு. அப்பத்தாதான், "அவன் சொல்றபடி செய்டா" என்றார்.

மூன்றாம் நாள் கடைசியாக அடிக்கட்டையை அறுத்து உருட்டினோம். மகன் குனிந்து உள்ளே கையை விட்டார். முழங்கை வரை போனது.