கீரை இல்லாத பச்சை: ராக்கஃபெல்லர் சிப்பி, நாலாவது சுற்று

நேற்று ராத்திரி நாலாவது தடவையாக ஆய்ஸ்டர்ஸ் ராக்கஃபெல்லர் செய்தேன். பன்னிரண்டு சிப்பியில் ஒன்பது உருப்படி. மீதி மூன்றில் ஓட்டுத் துணுக்கு பல்லில் கடிபட்டது. முதல் தடவை பதினொன்று குப்பைத் தொட்டிக்குப் போனதை நினைத்தால் இது எனக்குப் பெரிய விஷயம்.

இது நியூ ஆர்லியன்ஸ் பண்டம். பாதி ஓட்டில் கிடக்கும் சிப்பிச் சதையை வெண்ணெயில் வதக்கிய பச்சை விழுதால் மூடி, கல் உப்பு பரப்பிய தட்டில் உட்கார வைத்து அவன் (oven) அடுப்பில் சுடுவார்கள். செயின்ட் லூயிஸ் தெருவில் இருக்கும், 1840-ல் தொடங்கிய ஆன்ட்வான்ஸ் உணவகத்தில், நிறுவனரின் மகன் ஜூல்ஸ் அல்சியாட்டோர் 1899-ல் உண்டாக்கியது. பிரான்ஸ் நத்தை சரியாகக் கிடைக்காமல் போகவே, பக்கத்து மெக்சிகோ வளைகுடாவில் மலிந்து கிடந்த சிப்பியை அந்த இடத்தில் வைத்துவிட்டார். விழுது அத்தனை செழிப்பாக இருந்ததால் நாட்டின் பெரும் பணக்காரர் ஜான் டி. ராக்கஃபெல்லர் பெயரையே சூட்டினார்கள். செய்முறையை இன்றுவரை வெளியே விடவில்லை. ஒன்று மட்டும் அந்தக் குடும்பத்தார் சொல்லி வந்திருக்கிறார்கள்: அதில் பசலைக்கீரை கிடையாது. ஆனால் நான் பார்த்த சமையல் குறிப்புகளில் முக்கால்வாசி கீரையைக் கழுவுவதில்தான் ஆரம்பிக்கிறது.

நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊரில் சிப்பி என்றால் முத்துக்குளிப்புக் கதை, இல்லாவிட்டால் சுண்ணாம்புக் காளவாய். தின்கிற பொருளாக அதை நினைத்ததே இல்லை. ஹூஸ்டன் வந்தபின் ஆபீஸில் ஒரு நண்பர், நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய மெட்டைரியில் பிறந்தவர், டிசம்பரில் ஒரு பை நிறைய சிப்பி கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

முதல் சுற்றில் குறிப்பில் இருந்தபடி கீரை, சீஸ், பிரெட் தூள். கீரையைப் பிழியாமல் போட்டுவிட்டேன். அடுப்பிலிருந்து எடுத்தபோது ஒவ்வொரு ஓட்டிலும் பச்சைத் தண்ணீர் நின்றது. வீட்டில் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, கீரைக் கடையலுக்கா இவ்வளவு செலவு?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. மூலத்தை ஒரு தடவை தின்று பார்க்காமல் இதைத் தொடக்கூடாது என்று பிப்ரவரியில் வண்டியைக் கிளப்பினோம். ஐ-10 நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட 350 மைல். அச்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் போகும் பாலம் மட்டுமே 18 மைல். பாதி தூரத்தில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

ஆன்ட்வான்ஸில் ஆறு சிப்பி வந்தது. முதலில் கவனித்தது நிறம். கீரையின் கரும்பச்சை இல்லை, பாசிப் பச்சை. விழுது நாராக இல்லை, துவையல் மாதிரி வழவழப்பு, மேலே மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. வாயில் வைத்ததும் முதலில் சோம்பு மணம், அப்புறம் புல் வாசனை போல ஒன்று, கடைசியில்தான் சிப்பியின் உப்பு. சீஸ் இருப்பதாகத் தெரியவில்லை. 1980-களில் ஓர் எழுத்தாளர் இதை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தபோது பார்ஸ்லி, வடிகட்டிய செலரி, வெங்காயத்தாள் வகை, ஆலிவ் எண்ணெய், கேப்பர் (ஊறப்போட்ட பூமொட்டு) என்று வந்ததாம். தின்றபோது எனக்கும் அப்படித்தான் பட்டது, கேப்பர் மட்டும் நாக்கில் தட்டவில்லை. அங்கே போனால் பொம் சூஃப்லே என்கிற உப்பிய உருளைக்கிழங்கையும் கேளுங்கள். பூரி உப்புவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் தனி சந்தோஷம்.

மறுநாள் மதியம் ஊரின் பழைய பகுதியான பிரெஞ்ச் குவார்ட்டரில் கூட்டம் பார்த்து ஒரு கடைக்குள் நுழைந்தோம். பெயர் வேண்டாம். பட்டியலில் அதே ராக்கஃபெல்லர். வந்தது சீஸ் போர்வை. அடியில் ரப்பராகச் சுருங்கிய ஒரு சதை. என் முதல் சுற்றுக்கு இது அண்ணன்.

ராத்திரி ஆர்னோ'ஸ். 1918-ல் தொடங்கியது, பியென்வில் தெருவில் இருக்கிறது. ஒரே தட்டில் ஐந்து விதமாகச் சுட்ட சிப்பி தருகிறார்கள், ஆய்ஸ்டர்ஸ் ஆர்னோ என்று பெயர். ஒன்று ராக்கஃபெல்லர், இங்கே கீரையும் பேக்கனும் உண்டு, ஆனாலும் நன்றாகவே இருந்தது. கீரை மேல் எனக்கிருந்த கோபம் அங்கே கொஞ்சம் தணிந்தது. குற்றம் கீரையில் இல்லை, பிழியாத கையில். இன்னொன்று பியென்வில்: இறாலும் காளானும் போட்ட வெள்ளைச் சாஸ். 1718-ல் ஊரை நிறுவியவரின் பெயர் அது. இந்தப் பண்டம் எங்களுடையது என்று ஆர்னோ'ஸும் சொல்கிறது, ஆன்ட்வான்ஸும் சொல்கிறது. கத்திரிக்காய் போட்ட ஒன்றும் இருந்தது. வீட்டம்மாவின் ஓட்டு அதற்கே.

நண்பர் சொல்லி அனுப்பியது வேறு இடம்: மெட்டைரியில் டிராகோஸ். குரோஷியாவிலிருந்து வந்த குடும்பம். மிசிசிப்பி ஆற்று முகத்துவாரப் பக்கம் சிப்பிப் படுகைகளில் வேலை செய்தவர்களில் குரோஷியர்கள் தலைமுறை தலைமுறையாக நிறையப் பேர். இங்கே அவன் அடுப்பு கிடையாது, தணல். 1993-ல் கடைக்காரரின் மகன் ஆரம்பித்த முறை. ஓட்டோடு கம்பித் தட்டில் வைத்து, பூண்டு வெண்ணெயை மேலே ஊற்றுகிறார்கள். வழிகிற வெண்ணெயில் தீ ஆள் உயரத்துக்கு எழும்புகிறது. பார்மீசான், ரொமானோ சீஸ்களைத் தூவி, ஓரம் சுருளும்போது எடுத்துவிடுகிறார்கள். ஓட்டில் மிஞ்சும் வெண்ணெயில் ரொட்டியைத் தோய்த்து பிள்ளைகள் சண்டை போட்டுத் தின்றார்கள். சிப்பியே தொடாதவரை எங்கே கூட்டிப் போவது என்று கேட்டால் இங்கேதான் என்பேன். ராக்கஃபெல்லர் என்றால் மட்டும் ஆன்ட்வான்ஸ். சிகாகோவின் மிச்சிகன் அவென்யூவோ நியூயார்க்கின் மன்ஹாட்டனோ அதை எங்கே விற்றாலும், அது வேறு பண்டம்.

திரும்பி வந்ததும் இரண்டாம் சுற்று. கீரையை விட்டேன். இரண்டு கட்டு பார்ஸ்லி, செலரி, வெங்காயத்தாள். சோம்பு மணத்துக்கு வீட்டுச் சோம்பையே பொடித்துப் போட்டேன். தப்பு. விழுது நறநறவென்று ஆகி, சால்னா வாசனை வந்துவிட்டது. அவர்கள் ஊற்றுவது சோம்பு மணக்கும் மது. அப்சிந்து என்கிற சோம்பு மதுவுக்கு அமெரிக்காவில் 1912-ல் தடை வந்தபின் நியூ ஆர்லியன்ஸிலேயே அதற்கு மாற்றாகச் செய்து, 1934-லிருந்து விற்கிறது ஹெர்ப்சென்ட். மூன்றாம் சுற்றுக்கு ஒரு பாட்டில் வாங்கினேன். ஒரு டஜனுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். அதற்கு மேல் போனால் இருமல் மருந்து.

மூன்றாம் சுற்றில் விழுது சரி, கை சரியில்லை. கத்தி வழுக்கி உள்ளங்கையில் ஏறியது. தையல் போடும் அளவு இல்லை, ஆனால் ஒரு வாரம் சாதம் பிசைய முடியவில்லை. இப்போது கற்றுக்கொண்ட முறை: துண்டை நாலாக மடித்து, சிப்பியின் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி அதில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். கூர்மையான பின்முனையில் இரண்டு ஓடும் சேரும் மூட்டு இருக்கிறது. கத்தி முனையை அதில் நுழைத்து, தள்ளாமல் சாவி போலத் திருகினால் 'டக்' என்று விடும். அப்புறம் மேல் ஓட்டை ஒட்டி வழித்து தசையை அறுத்து, சதைக்கு அடியிலும் ஒரு அறுப்பு. உள்ளே இருக்கும் தண்ணீரில் பாதியைச் சிந்தாமல் எடுத்து வைத்து, விழுதில் சேர்க்கிறேன். வாய் திறந்து கிடக்கும் சிப்பியைத் தட்டிப் பாருங்கள். மூடிக்கொள்ளாவிட்டால் வீசிவிடுங்கள், யோசிக்க வேண்டாம். வளைகுடாச் சிப்பியில் விப்ரியோ பாக்டீரியா பயம் உண்டு, கோடையில் இன்னும் அதிகம். 450 டிகிரி பாரன்ஹீட்டில் முழுசாகப் பத்து நிமிஷம் வைக்கிறேன்.

நேற்று மிக்ஸியில் அரைத்ததைச் சல்லடையில் தேய்த்து நாரை எடுத்தேன். அரை மணி நேரம் தோள்பட்டை வலி. அந்த வழவழப்பு அப்போதுதான் வந்தது. நிறம் இன்னும் கொஞ்சம் கருக்கல். வெண்ணெயில் அதிக நேரம் வதக்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். கேப்பரை வாங்கி வைத்தும் போட மறந்துவிட்டேன், ஜாடி இன்னும் திறக்காமல் இருக்கிறது.

ஒன்பதில் நாலு வீட்டம்மா தின்றாள். கடையல் பேச்சு எழவில்லை. ஐந்தாவதற்குக் கை நீட்டும்போதுதான் ஓட்டுத் துணுக்கு கடிபட்டது.