குளிர்நாட்டுக் கான்கிரீட்டுக்குள் கொஞ்சம் காற்று

சென்னையில் கான்கிரீட் போடுகிறவர்களுக்குக் காற்றுதான் எதிரி. கான்கிரீட்டை அதிர்க்கும் வைப்ரேட்டரை இறக்கி அதை விரட்டுவதே வேலை. லே, கார்கில் பக்கம் கான்கிரீட் சாலை போடப் போனால் அதே காற்றைக் காசு கொடுத்து வாங்கி உள்ளே வைக்க வேண்டும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பெருக்கும். நுண்துளைகளில் நிற்கும் ஈரம் பெருக்க இடமில்லாமல் சிமென்ட் பசையைப் பிளந்துவிடும். முதல் குளிர்காலத்திலேயே தெரியவேண்டும் என்பதில்லை. உறைந்து உருகி, உறைந்து உருகி, மேல்தோல் செதில் செதிலாக உரியும். பனி கரைய உப்பு தூவும் சாலை இன்னும் சீக்கிரம் உரியும்.

இதற்கான மருந்து ஏர் என்ட்ரெய்னிங் அட்மிக்சர், அதாவது கலவையில் காற்றுக் குமிழி உண்டாக்கும் சேர்மானம். சோப்பு நுரைபோலக் கண்ணுக்கே தெரியாத குமிழிகளை இது பசைக்குள் நிறுத்திவைக்கும். மொத்தக் காற்றைவிட முக்கியம், குமிழிகளுக்கு நடுவே இருக்கும் தூரம், 0.2 மி.மீ.க்குள் இருந்தால்தான் உறையும் நீருக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். சரியாக அதிர்க்காமல் விட்ட ஓட்டைகளால் இந்தப் பயன் கிடைக்காது. எம்50 என்ற வலிமைத் தரத்துக்குக் கீழான கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி சொல்லும் காற்றின் அளவு: 20 மி.மீ. ஜல்லிக்கு 5 விழுக்காடு, 40 மி.மீ.க்கு 4, ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். கன மீட்டருக்கு 5 விழுக்காடு என்றால் 50 லிட்டர். கலவைக் கணக்கில் இதைச் சேர்த்து மணலைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு விழுக்காடு காற்றுக்கும் வலிமை ஏறக்குறைய 5 விழுக்காடு இறங்கும் என்பதால் நீர்-சிமென்ட் விகிதத்தை 0.45-க்கு மேல் விடாதீர்கள்.

கை சுடும் இடம் ஃபிளை ஆஷ், சிமென்ட்டோடு சேர்க்கும் அனல்மின் நிலையச் சாம்பல். அதில் எரியாமல் தங்கிய கரி, அட்மிக்சரை உறிஞ்சிக்கொள்ளும். லோடுக்கு லோடு கரி மாறினால், நேற்று 5 விழுக்காடு காட்டிய காற்று மீட்டர் அதே டோஸுக்கு இன்று 3 காட்டும். கலவையை இளக்கும் சிலவகைப் பிளாஸ்டிசைசரும் குமிழியைக் கூட்டும் அல்லது கெடுக்கும். ஆகவே அதையும் காற்று அட்மிக்சரையும் ஒரே வாளியில் கலக்காமல் தனித்தனியாக ஊற்றுங்கள். ட்ரயல் மிக்ஸ் என்னும் சோதனைக் கலவை அங்கே கிடைக்கும் பொருளிலேயே நடக்கட்டும். காற்றை அளக்கும் பிரஷர் மீட்டரை, கலவை தயாராகும் பிளான்ட்டில் மட்டும் வைத்தால் போதாது. லாரியிலும் பம்பிலும் காற்று மாறும், கொட்டுமிடத்திலும் அளந்து பாருங்கள்.

போட்ட கான்கிரீட் 3.5 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல்) வலிமை எட்டும்வரை உறையக் கூடாது. தண்ணீரைச் சூடாக்கலாம், சிமென்ட்டை வேண்டாம். கொதிநீரை நேராகச் சிமென்ட்டில் ஊற்றினால் சட்டென இறுகிவிடும். முதலில் ஜல்லி, மணலோடு கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று கால்சியம் குளோரைடு போடுவது மலிவு வழி. பலகைகளை இணைக்கும் டவல் பார் கம்பி இருக்கும் சாலையில் அது கம்பியை அரிக்கும், குளோரைடு இல்லாத ஆக்சிலரேட்டரே (இறுகலை விரைவாக்கும் சேர்மானம்) சரி.

கடைசியாக மேஸ்திரியின் கை. கான்கிரீட்டிலிருந்து மேலே கசிந்த நீர் நிற்கும்போதே தேய்த்தாலும், இழுக்க வரவில்லை என்று தண்ணீர் தெளித்துத் தேய்த்தாலும் மேல் சில மில்லிமீட்டரில் குமிழி போய்விடும், பசையும் நீர்த்துவிடும். உரிவது அந்தச் சில மில்லிமீட்டர்தான்.