கல்வேலிகளுக்கு நடுவே ஆறு நாட்கள்

சென்ற மார்கழியில், நத்தார் கழிந்த மறுவாரம், இங்கிலாந்தின் யோர்க்சயர் டேல்ஸ் மலைப்பகுதியின் வடக்கே இருக்கும் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில், மியூக்கர் கிராமத்துக்கு அருகே ஒரு கல்வீட்டை வாடகைக்கு எடுத்து ஆறு நாட்கள் தங்கினோம். எண்பத்து நான்கு வயது அம்மம்மா, அம்மா, அப்பா, நான், என் கணவர், எங்கள் பிள்ளைகள் இருவர், தம்பி, மச்சாள், அவர்களுடைய ஏழு மாதக் குழந்தை என்று நாங்கள் பத்துப் பேர். லண்டனின் இரண்டு மூலைகளில் வாழும் நாங்கள் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கூடி, கூடிய அன்றே கலைந்துவிடுவோம். அம்மம்மாவின் முழங்கால் இன்னும் கொஞ்சமாவது இடம்கொடுக்கும்போதே, அவரோடு ஒரே கூரையின்கீழ் விடிந்து ஒரே கூரையின்கீழ் இருள வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

நானூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம் அது. அந்தக் காலத்தில் அங்கே மூன்றேமுக்கால் மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் என்பதால் விடியமுன் புறப்பட்டும், கடைசி ஒற்றைவழிப் பாதையில் கார் திரும்பியபோது மலையுச்சியில் மட்டுமே வெளிச்சம் மிஞ்சியிருந்தது. காரின் இரு புறமும் தோளுயரத்துக்குக் கல்வேலிகள் கூடவே வந்தன. அதுவரை கண்ணயர்ந்திருந்த அம்மம்மா கண்ணாடியில் கையை வைத்து, "இஞ்சேயும் கல்லை அடுக்கித்தான் வேலி கட்டியிருக்கினம்" என்றார்.

அவர் பிறந்தது இலங்கையின் வடக்கே உள்ள நெடுந்தீவில். அந்தத் தீவில் மண் மெல்லிய படையாகவே இருக்கும்; கொஞ்சம் கிண்டினாலே முருகைக்கல் வந்துவிடும். அந்தக் கல்லையே சாந்தும் சுண்ணாம்பும் இல்லாமல் அடுக்கி வளவுக்கு வேலியாக்குவார்கள். வடமாகாணத்தின் மற்ற ஊர்களில் பனையோலையும் கிடுகும் கட்டிய வேலிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு நெடுந்தீவின் கல்வேலிகள் புதுமையாக இருக்கும். நான் அவற்றைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அம்மம்மா அந்த வேலிகளுக்குள் வளர்ந்தவர்.

வீடு உறுதியான பழைய வீடு; சுவர்கள் ஒரு முழத்துக்கும் மேல் தடிப்பு, யன்னல்கள் சிறியவை, முன்னறையில் விறகு எரிக்கும் இரும்பு அடுப்பு. குறையொன்று இருந்தது. கீழ்த்தளத்திலேயே படுக்கையறையும் குளியலறையும் உண்டு, இடையில் படி இல்லை என்று எழுதியிருந்ததை நம்பித்தான் நான் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். குளியலறையோ பின்னாளில் ஒட்டிக் கட்டிய தாழ்வாரத்தில், ஒன்றேகால் அடி ஆழத்தில் இருந்தது. முதல் இரவு தம்பியும் அப்பாவும் இரு பக்கமும் பிடித்து அம்மம்மாவை இறக்கி ஏற்றினார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் தண்ணீர் குடிக்க மறுத்தார். வயதானவர்களோடு பயணம் போகிறவர்களுக்கு அந்த மறுப்பின் பொருள் தெரியும். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவரை இப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போவதானால், கட்டிலிலிருந்து குளியலறை வரை எத்தனை படி, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம் என்று வீட்டுக்காரரிடம் நேரே கேளுங்கள்.

மறுநாள் காலை, விறகுக் கொட்டிலின் பின்னால் தட்டையான கற்கள் குவிந்து கிடப்பதை என் மகன் கண்டுவந்து சொன்னான். அங்கே கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை இல்லை. வீட்டிலிருந்த பழைய தொலைபேசியில் வீட்டுக்காரரை அழைத்து அனுமதி கேட்டோம். என் கணவரும் மகனும் கற்களைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார்கள். அம்மம்மா தன் கதிரையைத் தாழ்வாரத்து வாசலில் போடச்சொல்லி உட்கார்ந்தார். மகன் கல்லை விளிம்போடு விளிம்பாகக் குறுக்கே வைக்கப் போனபோது, "நீட்டுக் கல்லை உள்ளுக்கு விடு மோனை. குறுக்க வைச்சால் கழண்டுபோகும்" என்றார். இவன் தயங்கினான். அவர் தன் கைவிரல்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் காட்டினார். பிறகு ஒவ்வொரு கல்லையும் பெருவிரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லி, ஆடும் இடத்தில் பொடிக்கல்லைச் செருகச் செய்தார். ஒரு மணி நேரத்தில், அந்த ஒன்றேகால் அடியை இரண்டாகப் பிரிக்கும் ஒரு படி உருவாகியது. அதில் முதலில் ஏறி நின்று பார்த்தவர் அப்பா, அது அசையவில்லை. அம்மம்மா அன்று இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்தார்.

பின்னேரம் விறகு கொண்டுவந்த வீட்டுக்காரர், எழுபதைத் தாண்டிய விவசாயி, அந்தப் படியைக் கண்டதும் பேசாமல் பூட்ஸ் காலால் அதன் விளிம்பில் இரண்டு முறை தட்டினார். பிறகு என் மகனை வெளியே அழைத்துப்போய், உறைபனியில் சரிந்து கிடந்த வேலியின் வாயைக் காட்டினார். வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, இடையில் சிறு கற்களின் நிரப்பு, இரண்டையும் பிணைக்க இடையிடையே வெளியிலிருந்து உள்ளே வரை ஊடுருவும் நீட்டுக் கல். இந்தப் பள்ளத்தாக்கின் வேலிகளில் பெரும்பாலானவை 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் இப்படிக் கட்டப்பட்டவை. மகன் ஓடிவந்து அம்மம்மாவிடம் சொன்னான். "பின்னை வேற எப்பிடிக் கட்டுறது?" என்று கேட்டார் அவர்.

அவரை அதிகம் அலைக்கழித்தது வேறொரு கேள்வி. "இது ஆரின்ர வீடு? அவையள் எங்க போட்டினம்?" என்று முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் இருக்கிறார் என்றால், "அவர் வாங்கினவர். முந்தி இருந்தவை?" என்பார். அதற்குப் பதில் மலையில் இருந்தது. ஸ்வேல்டேல் ஒருகாலத்தில் ஈயச் சுரங்கங்களால் வாழ்ந்த பள்ளத்தாக்கு. கன்னர்சைட் ஓடையின் கரையில் ஈயம் உருக்கிய உலைகளின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிநாட்டு ஈயம் மலிவாக வந்து குவிய விலை விழுந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன. குடும்பங்கள் டர்ஹம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் லங்கசயர் பருத்தி ஆலைகளுக்கும் போய்விட்டன. அந்தச் சிறு கல்வீடுகள் பல இன்று எங்களைப் போன்றவர்கள் கிழமைக்கணக்கில் தங்கும் வீடுகளாக இருக்கின்றன. இதை நான் விளக்கியபோது அம்மம்மா நெடுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வீடும் பூட்டித்தான் கிடக்கிறது. கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது என்று குறிகட்டுவான் துறையில் படகேறி ஊருக்குப் போய்வந்த உறவினர் ஒருவர் சொன்னதை நாங்கள் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த நாட்கள் திருவெம்பாவைக் காலம். அம்மம்மா ஐந்து மணிக்கே எழுந்து, போர்வைக்கு மேல் போர்வையாகப் போர்த்து, யன்னல் விளிம்பில் ஒரு சிறிய விளக்கேற்றி மாணிக்கவாசகரின் இருபது பாட்டையும் தாழ்ந்த குரலில் பாடுவார். முதல் நாள் கற்பூரம் கொளுத்தியதில் புகை எச்சரிக்கைக் கருவி அலறி, குழந்தை உட்பட வீடு முழுவதும் எழுந்துவிட்டது. அடுத்த நாட்களில் கற்பூரம் இல்லை. ஆனால் எழுந்து பழகிய என் மகள் தானாகவே இறங்கிவந்து அவருடைய போர்வைக்குள் புகுந்துகொண்டாள். ஊரில் இளவட்டங்கள் சங்கும் சேமக்கலமுமாக இருட்டில் ஒழுங்கை ஒழுங்கையாகப் பாடி வருவதைப் பற்றி அவளுக்கு அவர் சொன்ன கதைகளை நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன். அவற்றில் பாதி எனக்கே புதியவை.

விரத நாட்கள் என்பதால் வீட்டில் மச்சம் சமைக்கவில்லை. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், அவலும், அவித்த கடலையும் போதுமாக இருந்தன. ஹோஸ் என்ற ஊரில் செய்யப்படும் வென்ஸ்லிடேல் பாற்கட்டியைப் பழக்கேக்குடன் சேர்த்து உண்பது அந்தப் பகுதியினரின் நத்தார் வழக்கம். அம்மா மிகவும் விரும்பிச் சாப்பிட்டார்.

நான்காம் நாள் வெயில் எறித்தது. அம்மம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒழுங்கையால் தள்ளிக்கொண்டு போனோம். வயல்களில் தனித்தனியே நிற்கும் கல்கொட்டில்களை அவர் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். முன்பெல்லாம் மேல்தட்டில் வைக்கோல்போல் உலர்புல்லை அடைத்து, கீழே நான்கைந்து மாடுகளைக் கட்டி, மாரி முழுவதும் விவசாயி நாள்தோறும் ஒவ்வொரு கொட்டிலுக்கும் நடந்துபோய்த் தீனி போடுவாராம். மலைச்சரிவில், கருமுகமும் வெண்மூக்கும் கொண்ட ஸ்வேல்டேல் செம்மறிகள் வேலியில்லாத மேட்டிலும் தங்கள் எல்லை தாண்டாமல் மேய்ந்தன. எதுவரை மேயலாம் என்பதைத் தாயாடுதான் குட்டிக்குப் பழக்குகிறது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவற்றின் முதுகில் பூசிய நிறக்குறியைப் பார்த்த அம்மம்மா, தங்கள் வீட்டு மாடுகளுக்குச் சுட்ட குறி எப்படியிருக்கும் என்று என் உள்ளங்கையில் விரலால் கீறிக் காட்டினார்.

புறப்படும் காலையில் கற்களைத் திரும்பக் கொட்டிலின் பின்னால் அடுக்க முனைந்தோம். வீட்டுக்காரர் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். படி அங்கேயே இருக்கிறது. சாம்பலை அள்ளி, அடுத்து வருபவர்களுக்கென்று அடுப்பருகே விறகையும் சுள்ளியையும் அம்மம்மா அடுக்குவித்தார். காரில் ஏறியபின் அந்த வயல்களில் புல் எந்த மாதம் வெட்டுவார்கள் என்று கேட்டார். யூலையில் என்றேன். "அதைப் பாக்கவேணும்" என்றார். யூன் கடைசியில் அங்கே புல்வெளிகள் பூத்துக் கிடக்கும், அதன் பிறகே வெட்டத் தொடங்குவார்கள். யூலை நடுப்பகுதியில் ஒரு கிழமைக்கு அந்த வீடு கிடைக்குமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.