சித்தப்பா பின்னிய ஜடை

காசி யாத்திரை என்றால் எல்லோருக்கும் காசிதான் ஞாபகம் வரும். ஆனால் முறைப்படி போகிறவர்களுக்குக் காசி நடுவில்தான் வரும். முதலில் ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் குளித்து, சேது மணல் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மணலில் லிங்கம் பிடித்துப் பூஜை செய்து, பிரயாகையில் திரிவேணியில் கரைக்க வேண்டும். அப்புறம் காசி, கயா. கடைசியில் கங்கை ஜலத்தோடு மறுபடியும் ராமேஸ்வரம். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி நாலு பேரும் இந்த முறைப்படியே கிளம்பினார்கள். பெட்டி தூக்கவும் இந்தி பேசவும் நான். இந்தி எனக்கும் வராது, ஆனால் பெட்டி தூக்குகிறவனை யாரும் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை.

பிரயாகை சாஸ்திரிகள் போனில் பேசும்போதே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "வேணி தானம் உண்டு. மாமாக்கள் ரெண்டு பேரும் ஜடை பின்னப் பழகிண்டு வந்துடுங்கோ."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரிவேணி சங்கமத்தில் மனைவி கணவன் முன்னால் உட்கார, கணவன் அவள் தலையை வாரி, ஜடை பின்னி, பூ வைத்துவிட வேண்டும். பிறகு ஜடையின் நுனியில் இரண்டு விரல்கடை வெட்டி நதிக்குக் கொடுக்க வேண்டும். மற்ற இடத்தில் முடி தண்ணீரில் மிதக்கும், இங்கே மட்டும் மூழ்கிப் போகும் என்பது நம்பிக்கை. கல்யாணமாகி முப்பது நாற்பது வருஷம் சீப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் காலம் தள்ளிய ஆண்களுக்கு, இதைவிடக் கடினமான பரிகாரத்தை எந்த ரிஷியும் யோசித்திருக்க முடியாது.

அப்பா கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முறையாகச் செய்வார். ஜன்னல் கம்பியில் மூன்று சணல் கயிறுகளைக் கட்டி, ஒன்றில் சிவப்பு மை, ஒன்றில் நீல மை தடவி, "இடது மேல, வலது மேல" என்று முணுமுணுத்துக்கொண்டே தினமும் காலையில் பின்னிப் பழகினார். காப்பி கொண்டு வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். சமையலறையிலிருந்து ரொம்ப நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சித்தப்பா பழகவே இல்லை. "சின்ன வயசுல தென்னங்கீத்து முடைஞ்சவன் நான். தலைமுடி என்ன பெரிய விஷயம்?" என்றார். சித்திக்கு அப்போதே முகம் மாறியது. தன் தலை கூரையாகப் போகிறது என்று கவலைப்படுகிற பெண்ணின் முகம் அது.

பிரயாகையில் ஆண்களுக்கு முதலில் முண்டனம். ஆக, மழமழவென்று மொட்டையடித்துக்கொண்ட இரண்டு பேர் சீப்பும் கையுமாகப் படகில் ஏறினார்கள். கார்த்திகை மாதக் காலை, நல்ல குளிர். சைபீரியாவிலிருந்து வந்த கடற்காகங்கள் படகைச் சுற்றி வட்டமடித்தன. படகுக்காரர் ஓமப்பொடி பாக்கெட்டை நீட்டினார். பறவைகளுக்குப் போடுவதற்காம். சித்தப்பா ஒரு கை பறவைக்கு, ஒரு கை தனக்கு என்று பங்கு பிரித்தார். சங்கமத்துக்கு முன் எதுவும் சாப்பிடக் கூடாது என்று சித்தி ஞாபகப்படுத்திய பிறகு மொத்தமும் பறவைக்குப் போனது.

படகு அக்பர் கோட்டையை ஒட்டிப் போனது. 1583-இல் கட்ட ஆரம்பித்த கோட்டை. அழியாத ஆலமரம் என்கிற அட்சயவடம் இதற்குள்தான் இருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் தண்ணீரில் நிறம் மாறுவது நன்றாகவே தெரிந்தது. கலங்கலாக வருவது கங்கை, பச்சை படர்ந்தது யமுனை. சரஸ்வதி அந்தர்வாகினி, கண்ணுக்குத் தெரியாது. நடு ஆற்றில் மரப்பலகை மேடை கட்டிப் படகுகளை அதனோடு பிணைத்திருந்தார்கள்.

அப்பா கடகடவென்று வேலையை முடித்தார். அம்மாவுக்கு இப்போது முடி கொஞ்சம்தான். அதை மூன்றாகப் பிரித்து, "இடது மேல, வலது மேல" என்று மந்திரத்தோடு மந்திரமாகச் சொல்லிக்கொண்டே பின்னி, நுனியில் நூல் கட்டி, கதம்பமும் வைத்துவிட்டார். சாஸ்திரிகளே பாராட்டினார். வெட்டிய நுனியைத் தண்ணீரில் விட்டதும் அப்பா குனிந்து பார்த்தார். அது உள்ளே போன பிறகுதான் நிமிர்ந்தார். சரிபார்க்காமல் அவரால் கையெழுத்துப் போட முடியாது.

சித்தப்பாவுக்குச் சோதனை வேறு மாதிரி வந்தது. சித்திக்கு இன்னும் இடுப்பு வரை முடி. ஈரம் வேறு. படகு ஆடியது. ஒரு கொத்தைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. நழுவியதைப் பல்லில் கடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தார் போலிருக்கிறது. வாய் வரை கொண்டுபோனதை நானே பார்த்தேன். சித்தி திரும்பாமலேயே "வேண்டாம்" என்றார். கடைசியில் இரண்டு கொத்தாக்கி முறுக்கி, முறுக்கி, முடிச்சுப் போட்டுவிட்டார். தேர் இழுக்க வேண்டுமானால் அது போதும்.

சித்தி பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "மூணு நதி சேர்ற இடத்துல வந்து மூணு காலைச் சேர்க்கத் தெரியலை உங்களுக்கு."

சித்தப்பா அசரவில்லை. "சரஸ்வதி கண்ணுக்குத் தெரிய மாட்டா. அதான் ரெண்டு கால் மட்டும் தெரியறது."

மேடை முழுக்கச் சிரித்தது, சித்தியைத் தவிர. போதாததற்குப் பக்கத்தில் ராஜமுந்திரியிலிருந்து வந்த ஒரு தம்பதி. அந்த மனிதர் நெருக்கமாக, ஒரு முடி பிசிறாமல் பின்னி, நுனியில் குஞ்சலம்கூடக் கட்டிக்கொண்டிருந்தார். சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். விசாரித்தால், மூன்று பெண் குழந்தைகளாம். பள்ளிக்கூடம் அனுப்பும் காலத்தில் ஜடை பின்னுவது அவர் பொறுப்பாம். சித்தி அதைக் கேட்டுவிட்டு சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தார். நமக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்பது அந்தப் பார்வையின் பொருள்.

காசிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். வேனில் சித்தி வாயே திறக்கவில்லை.

அனுமான் கட்டத்தில் தங்கினோம். அந்தச் சந்துகளில் தமிழ்க் குரல் சகஜம். பாரதியார் சிறு வயதில், 1898-லிருந்து சில வருஷங்கள், அத்தை வீட்டில் இருந்ததும் இங்கேதான். தலைப்பாகையும் மீசையும் அவருக்குக் காசி கொடுத்தது. எங்களுக்குக் காசி கொடுத்தது ஒரு காளை. இரண்டு பேர் உரசிக்கொண்டுதான் போகலாம் என்கிற சந்தில் அது குறுக்கே நின்றுகொண்டிருந்தது. அப்பா நாகரிகமாக, "நகருப்பா" என்றார். காளைக்குத் தமிழ் தெரியவில்லை. நான் என் இந்தியில் முயன்றேன். அதுவும் தெரியவில்லை. பின்னால் வந்த ஒரு சிறுவன் அதன் பின்பக்கத்தில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டி வழி பண்ணிக் கொடுத்துவிட்டு, எங்களைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே போனான்.

விசுவநாதர் கோயில் இப்போது முன்பு போல் இல்லை. 1780-இல் அகல்யாபாய் ஹோல்கர் கட்டிய கோயில் அப்படியே இருக்க, 2021 டிசம்பரில் திறந்த புது வளாகம் கங்கைக்கரை வரைக்கும் விரிந்திருக்கிறது. உள்ளே செல்போன் கூடாது. இது பெரிய வரம் என்று சொல்வேன், வரிசையில் சித்தப்பா வாட்ஸப் பார்க்காமல் நின்றதை அன்றுதான் பார்த்தோம். ஆனால் சன்னதியில் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. "தரிசனம் எப்படி?" என்று கேட்டதற்கு, "ஒரு பண்டாவோட முழங்கை திவ்யமா தெரிஞ்சுது" என்றார் சித்தப்பா. அன்று மத்தியானம் அன்னபூரணி, விசாலாட்சி, அப்புறம் காலபைரவர். அங்கே மயிற்பீலியால் முதுகில் தட்டிக் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். சித்தி தன் கயிற்றைத் தானே கட்டிக்கொண்டார். "உங்க முடிச்சு எனக்கு வேண்டாம்."

மறுநாள் காலை, சமாதானத் தூதாக, சித்தப்பா மலையோ வாங்கி வந்தார். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் பால் நுரை. குங்குமப்பூ மணத்தோடு மண் குவளையில் தருவார்கள். வாயில் வைத்தால் கரைந்து போய்விடும், சாப்பிட்டோமா இல்லையா என்றே தெரியாது. சித்தி இரண்டு குவளை சாப்பிட்டார். சமாதானம் மட்டும் ஆகவில்லை. சாரநாத் மியூசியத்தில் நாலு சிங்கத் தூணின் தலைப்பகுதியைச் சுற்றி வந்து, "நோட்டுல மூணுதான் தெரியும், நாலாவதைப் பாரு" என்று சித்தப்பா ஆசையாகக் காட்டினார். சித்தி பார்த்துவிட்டு, "அதுக்கும் பிடரியை ஒழுங்கா வாரியிருக்கா" என்றார்.

கயாவில் கதை வேறு. அங்கே சிரிப்புக்கு இடமில்லை. பல்குனி நதி, விஷ்ணுபாதம், இங்கேயும் இருக்கிற ஒரு அட்சயவடம், மூன்று இடத்திலும் பிண்டம். சீதைக்கு எதிராகப் பொய் சாட்சி சொன்ன பல்குனி மண்ணுக்கடியில் ஓடும்படி சபிக்கப்பட்டது, உண்மை சொன்ன ஆலமரம் மட்டும் வரம் வாங்கியது என்று சாஸ்திரிகள் கதை சொன்னார். அந்த ஆலமரத்தடியில்தான் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலையை ஆயுசுக்கும் விட வேண்டும்.

இதற்கு மட்டும் சித்தப்பா பல மாதமாகத் தயார். கோவைக்காய், விளாம்பழம், புரச இலை. மூன்றையும் அவர் சாப்பிட்டோ அதில் சாப்பிட்டோ நான் பார்த்ததில்லை. சாஸ்திரிகள் சலித்துக்கொண்டார். "எல்லாரும் கோவைக்காயையே விட்டா, கயாவுல பெருமாள் என்ன பண்ணுவார்? பிடிச்சதை விடணும் ஓய்." சித்தப்பா காது கேட்காதது மாதிரி இருந்துவிட்டார். அப்பா யோசித்து யோசித்து மாம்பழத்தை விட்டார், அம்மா பதறிப் போனார்.

சித்தியின் முறை வந்தது. நிதானமாகக் கையில் ஜலத்தை வாங்கிக்கொண்டு, "கத்திரிக்காய்" என்றார்.

சித்தப்பா எழுந்தே விட்டார். எண்ணெய்க் கத்திரிக்காய் என்றால் அவருக்கு உயிர். "அது உனக்குப் பிடிக்காதே! பிடிச்சதைன்னா விடணும்!"

"உங்களுக்குப் பிடிக்குமே."

சித்தப்பா சாஸ்திரிகள் பக்கம் திரும்பினார். பெண்டாட்டி விட்டால் புருஷனையும் கட்டுப்படுத்துமா என்று சட்டச் சந்தேகம் கேட்டார். "உம்மைக் கட்டுப்படுத்தாது. நீர் தாராளமா சாப்பிடலாம்" என்றார் சாஸ்திரிகள். சித்தப்பா முகம் மலர்ந்தது. "ஆனா ருசி பார்க்க முடியாததை அவா எப்படிச் சமைப்பா?" என்று அவரே முடித்தார். எதிர்வரிசையில் திதி கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ராமேஸ்வரத்தில் கங்கை அபிஷேகம் முடிந்து ஊர் திரும்பியதும் வீட்டில் சமாராதனை. சமையல்காரரிடம் பேசுவதை சித்தப்பா தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். பட்டியலில் கத்திரிக்காய் ரசவாங்கி, கத்திரிக்காய்க் கறி, கத்திரிக்காய்க் கொத்சு. வந்தவர்கள் இதென்ன விசேஷம் என்று குழம்பினார்கள். சித்தப்பா முதல் பந்தியிலும் உட்கார்ந்தார், "உபசாரம் பண்ணணும்" என்று சொல்லிக் கடைசிப் பந்தியிலும் உட்கார்ந்தார். சித்தி மோர் ஊற்ற வந்தபோது, பேத்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவிழ்ந்துபோன தன் ரிப்பனை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பாட்டிகிட்டப் போ, கண்ணு" என்றார் சித்தப்பா அவசரமாக.