கேம்ப் ஹேமண்ட்: 35 இதழையும் குழப்பமில்லாமல் படித்து முடிக்க

இளம் சூப்பர் ஹீரோக்களுக்கு அமெரிக்க அரசு நடத்தும் பயிற்சி முகாமான கேம்ப் ஹேமண்ட்தான் மார்வலின் 'அவெஞ்சர்ஸ்: தி இனிஷியேட்டிவ்' காமிக்ஸ் தொடரின் களம். 2007இல் தொடங்கி 2010இல் முடிந்தது. எழுத்து டான் ஸ்லாட், ஓவியம் ஸ்டெஃபானோ காசெல்லி. போகப்போகக் கிறிஸ்டோஸ் கேஜ் சேர்ந்துகொள்வார். கடைசிப் பகுதி முழுக்க அவர் கைவண்ணம். மார்வல் அன்லிமிடெட் செயலியில் தேடும்போது 2007 என்ற ஆண்டைப் பார்த்து எடுங்கள், அவெஞ்சர்ஸ் என்று தொடங்கும் தலைப்புகள் ஏராளம்.

நேராக முதல் இதழுக்குப் போகாதீர்கள். 'சிவில் வார்' 7 இதழ்களை முதலில் முடியுங்கள். நேரமில்லையென்றால் அதன் முதல் இதழாவது கட்டாயம். டிவி நிகழ்ச்சிக்காக வில்லன்களைத் துரத்தும் நியூ வாரியர்ஸ் குழுவால் ஸ்டாம்ஃபோர்டில் ஒரு பள்ளிக்கூடத்தருகே குண்டுவெடிப்பு நடந்து, அறுநூறுக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். சூப்பர் ஹீரோக்கள் அரசிடம் பெயரைப் பதிய வேண்டும் என்ற பதிவுச் சட்டமும் கட்டாயப் பயிற்சியும் வந்தது அதனால்தான். முகாமும் அதே ஊரில்தான் இருக்கிறது. பயிற்சியாளர் காண்ட்லெட், பிள்ளைகள் தப்பு செய்யும்போதெல்லாம் 'நியூ வாரியர்' என்பதையே வசவாக வீசுவார். பழைய நியூ வாரியர்ஸ் சிலர் பக்கத்திலேயே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். 6ஆம் இதழின் மர்மம் முழுக்க இந்த வசவிலிருந்துதான் முளைக்கிறது.

முதல் இதழை நிதானமாகப் படியுங்கள். எதிரில் நிற்பவரின் பயமாகவே உருமாறும் ட்ராமா, பயிற்சியில் சக மாணவி ஆர்மரி முன் ராட்சதச் சிலந்தியாகிறான். மிரண்டுபோன அவள் கையிலிருந்த வேற்றுக்கிரக ஆயுதம் கண்டபடி சுடுகிறது. இன்னொரு மாணவி கிளவுட் 9ஐக் காப்பாற்றப் போன எம்.வி.பி. என்ற மாணவன் அங்கேயே சாகிறான். முகாம் அதை மூடிமறைக்கிறது, உடல் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. இந்தத் தொடரின் உயிர்நாடி இந்த மரணம்தான். இதைக் கோட்டைவிட்டால் இரண்டாம் தொகுப்பில் (7 முதல் 13 வரை) வரும் கொலைவெறி ஏன் என்றே புரியாது.

பாதியில் விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் மற்றத் தொடர்களின் கதை உள்ளே புகும் இடங்களில்தான் விடுகிறார்கள். 3ஆம் இதழில் ஸ்பைடர்மேன் பதிவு செய்யாத தலைமறைவுக்காரன், அத்தை மே சுடப்பட்ட பிறகு கறுப்பு உடைக்கு மாறியிருக்கிறான். அவன் சக்தியைப் பறிக்க முகாம் மாணவி கொமோடோவை அனுப்புகிறார்கள். சக்தி போனால் கால்களே இல்லாமல் போகும் பெண் அவள் என்பதை மனதில் வைத்துப் படித்தால் அந்த இதழின் கனம் தெரியும். 4, 5 இதழ்களுக்கு ஹல்க் பழிவாங்க நியூயார்க்கில் இறங்கிவிட்டான் என்று தெரிந்தால் போதும். அவன் தனித் தொடரைத் தேட வேண்டாம். 14 முதல் 19 வரை அப்படியில்லை. 8 இதழ் கொண்ட 'சீக்ரெட் இன்வேஷன்' கையில் இருக்க வேண்டும். யார் ஸ்க்ரல் (உருமாறி ஊடுருவும் வேற்றுக்கிரகவாசி) என்பதை இணையத்தில் தேடாதீர்கள், பாத்திரத்தின் பெயரைத் தட்டினாலே விடை வந்து விழும்.

20 முதல் 25 வரை பயிற்சித் திட்டம் பழைய வில்லன் நார்மன் ஆஸ்போர்ன் கைக்குப் போகும் கதை, விறுவிறுப்பு. அடுத்த ஐந்தும் கொஞ்சம் தொய்வுதான். ஆனாலும் தாண்டிவிடாதீர்கள், கடைசி இதழ்களின் ஆட்கள் அங்கேதான் இடம் மாறுகிறார்கள். 4 இதழ் கொண்ட 'சீஜ்' தொடரைக் கடைசித் தொகுப்போடு சேர்த்துப் படியுங்கள். அதன்பின்னும் பசி அடங்கவில்லையென்றால் 2010இல் கேஜ் தொடங்கிய 'அவெஞ்சர்ஸ் அகாடமி' இருக்கிறது, 39 இதழ்கள்.