பாட்டு கேட்பதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர்

பாட்டு கேட்பதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் கட்டப் போகிறேன் என்று சொன்னால் பேச்சு உடனே ப்ராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் கார்டு என்று போய்விடும். இந்த வேலையில் கம்ப்யூட்டர் செய்ய வேண்டியது இரண்டே இரண்டுதான். ஃபைலில் இருக்கும் எண்களை ஒன்றுகூட மாறாமல் டிஏசியிடம் (எண்களை ஒலிக்கான மின் அலையாக மாற்றும் கருவி) கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது தான் சத்தம் போடாமல் இருக்க வேண்டும். இரண்டையும் குறைந்த செலவில் முடித்துவிடலாம். மிச்சமாகும் பணம் ஸ்பீக்கருக்கும், வீட்டு எர்த்துக்கும், பாட்டு கேட்கும் அறைக்கும் போக வேண்டும் என்பது என் திடமான கருத்து. கடலூரில், அதுவும் தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருந்தால் உப்புக்காற்றுக்கும் கொஞ்சம் எடுத்துவைக்க வேண்டும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பெட்டியின் சத்தம். ராத்திரி பத்து மணிக்கு மேல் தெரு அடங்கிய பிறகு தம்பூரா மட்டும் ஒலிக்கும் ஒரு ஆலாபனைத் தொடக்கத்தைப் போட்டுப் பாருங்கள், சாதாரண கேபினெட்டின் ஃபேன் சத்தம் தம்பூராவோடு சேர்ந்தே கேட்கும். அதனால் ஃபேனே இல்லாத பெட்டியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, இன்டெல் என்100 ப்ராசஸர் பதித்த மினி-ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு மதர்போர்டு ஒன்றை எடுத்தேன். நான்கு கோர், 6 வாட் வகை, மேலே ஒரு அலுமினிய ஹீட் சிங்க் மட்டும்தான். லேப்டாப் அடாப்டரை நேராகச் சொருகிக்கொள்ளலாம், தனியாக எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டி வேண்டாம், ஆகவே அதன் ஃபேனும் இல்லை. 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. சுழலும் ஹார்டு டிஸ்க்கை இந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், அதன் உறுமலும் கேட்கும். நம்மூர் மே மாதத்துக்கு ஹீட் சிங்க் தாங்குமா என்று கேட்கலாம். ஃப்ளாக் ஃபைலை (எதுவும் இழக்காமல் சுருக்கிய பாட்டு ஃபைல்) விரித்துப் பாட வைப்பது இந்த ப்ராசஸருக்கு ஒரு வேலையே இல்லை, கைவைத்தால் இளஞ்சூடுதான் தெரியும்.

எண்களை ஒலியாக மாற்றுவது வெளியே இருக்கும் யூஎஸ்பி டிஏசி. இதில் அசின்க்ரனஸ் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், இப்போது வரும் நல்லவை எல்லாமே அந்த வகைதான். அதாவது எண்கள் எந்த வேகத்தில் வெளியே போக வேண்டும் என்பதை டிஏசிக்குள் இருக்கும் கடிகாரமே தீர்மானிக்கும், கம்ப்யூட்டர் அது கேட்கிறபோது கொடுத்தால் போதும். இது புரிந்துவிட்டால் ஆயிரக்கணக்கில் விலை போட்ட யூஎஸ்பி கேபிள், இசைக்கென்றே செய்த சாட்டா கேபிள், நேரம் தவறாமல் ஓடும்படி மாற்றிய ரியல்டைம் கெர்னல் எதுவும் தேவையில்லை என்பதும் புரிந்துவிடும். கேபிள் வழியாகப் போவது எண்கள், அவை சரியாகப் போகும், அல்லது டிக் டிக்கென்று அறுபடும். நடுவில் "கொஞ்சம் இனிமையாக" என்று ஒரு நிலை கிடையாது.

எண்கள் மாறாமல் போவதுதான் கொஞ்சம் கவனிக்க வேண்டிய இடம். சிடியில் இருப்பது நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலி அலையை அந்தந்தக் கணத்தில் அளந்த எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். ஆனால் நம் கம்ப்யூட்டர்கள் வீடியோவுக்காக 48,000க்குப் பழகியவை. லினக்ஸில் ஒலியை நிர்வகிக்கும் பைப்வயரை அப்படியே விட்டால் 48,000தான். விண்டோஸிலும் வழக்கமான ஷேர்டு முறையில் எல்லாச் சத்தத்தையும் ஒரே வேகத்துக்கு மாற்றிக் கலந்துதான் வெளியே விடும். 147 மாதிரிகள் இருந்த இடத்தில் 160 மாதிரிகளைக் கணக்குப் போட்டு உண்டாக்கினால்தான் 44,100 என்பது 48,000 ஆகும். இன்றைய மாற்றிகள் மோசமில்லை, காதுக்கே தெரியாமலும் போகலாம், ஆனால் தேவையில்லாத ஒரு கையை ஏன் நடுவில் விட வேண்டும்? விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஃபூபார்2000 என்ற ப்ளேயரைப் போட்டு, டிஏசியை அதற்கு மட்டுமே ஒதுக்கும் வசாப்பி எக்ஸ்க்ளூசிவ் முறையில் விட்டால் இந்தக் கலவை ஒதுங்கிவிடும்.

நான் லினக்ஸில் எம்பிடி என்ற ம்யூசிக் ப்ளேயர் டீமனைப் போட்டிருக்கிறேன். திரை வேண்டாம், மவுஸ் வேண்டாம், கையில் இருக்கும் போனிலிருந்து பாட்டை மாற்றலாம். அதன் அமைப்பு ஃபைலில் அவுட்புட்டை அல்சா (லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பு) என்று கொடுத்து, டிவைஸ் பெயர் "ஹெச்டபிள்யூ" (hw) என்று தொடங்குவதாக இருக்க வேண்டும். "ப்ளக்ஹெச்டபிள்யூ" (plughw) என்று கொடுத்தால் அல்சா தானாக வேகத்தை மாற்றிக்கொடுக்கும், அது வேண்டாம். மிக்ஸரை "நன்" (none) என்று வையுங்கள், ஒலியளவை ஆம்ப்ளிஃபயரில், அதாவது ஆம்பிலேயே திருப்பிக்கொள்ளலாம். சரி, எண்கள் உண்மையிலேயே மாறாமல் போகின்றனவா என்று எப்படித் தெரியும்? பாட்டு ஓடும்போது டெர்மினலைத் திறந்து, ப்ராக் ஃபோல்டருக்குள் ஏசவுண்டில் உங்கள் கார்டின் கீழ் இருக்கும் "ஹெச்டபிள்யூ பாராம்ஸ்" (hw_params) ஃபைலைப் படியுங்கள். பாட்டு ஓடாதபோது "க்ளோஸ்டு" என்ற ஒரு சொல்தான் இருக்கும். ஓடும்போது சேனல் 2, ஃபார்மட் இன்னது, ரேட் 44100 என்று வரிவரியாக வரும். என்னுடையதில் ஃபார்மட் 32 பிட் என்று காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 16 பிட்டுக்குப் பின்னால் சுழியங்களைச் சேர்த்து அனுப்புகிறது, மதிப்பு மாறுவதில்லை. அடுத்து ஒரு 96,000 ஃபைலைப் போட்டுவிட்டு மறுபடி படித்தேன், ரேட் 96000 என்று தானாக மாறியிருந்தது. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

ஃபைல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பாட்டுகளில் பெரிய ஏமாற்று நடப்பது இங்கேதான். ஃப்ளாக் என்று பெயர் போட்டு வரும் பழைய தமிழ்ப் பாட்டுகளில் நிறைய, எம்பி3யை எடுத்து ஃப்ளாக்காக மாற்றியவை. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் போட்டால் அதன் அலைவரிசைப் படம் வரும். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியது போல நேர்கோட்டில் கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் எம்பி3யாக இருந்தது. எம்பி3யாகச் சுருக்கியபோது தொலைந்த விவரம் ஃப்ளாக்காக மாற்றியதால் திரும்பி வராது. அதனால் வீட்டில் கிடக்கும் சிடிக்களிலிருந்து பாட்டை நாமே கம்ப்யூட்டருக்கு எடுப்பதுதான் நல்லது. விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, லினக்ஸில் விப்பர். இரண்டுமே அக்யூரேட்ரிப் பட்டியலோடு ஒப்பிட்டு, வேறு ஊர்களில் அதே சிடியை எடுத்தவர்களுக்கும் இதே எண்கள் வந்தனவா என்று சொல்லும். நம்மூர் சிடி பட்டியலில் இல்லையென்றால் இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, பாட்டின் பெயர், பாடகர் போன்ற விவரங்களை எழுதும் ஃப்ளாக் டேக்குகள் யூனிகோடில் இருப்பதால் தாராளமாகத் தமிழிலேயே எழுதலாம். எம்பிடிக்கு ராகம் என்ற புலம் தெரியாது, அதனால் கர்நாடக இசைக்கு ஜானர் புலத்தில் ராகத்தின் பெயரைப் போட்டு வைத்திருக்கிறேன். கல்யாணி என்று தேடினால் பாடகர்கள், வித்வான்கள் எல்லாரும் வரிசையாக வந்து நிற்கிறார்கள்.

இனி எர்த். எல்லாவற்றையும் இணைத்து ஆம்பை ஆன் செய்ததும் ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று ஒரு ஹம் வந்தது. டிஏசியிலிருந்து ஆம்புக்குப் போகும் ஆர்சிஏ கேபிளைக் கழற்றினால் நின்றது, மறுபடி சொருகினால் வந்தது. பேட்டரியில் ஓடும் லேப்டாப்பை அதே டிஏசியோடு சேர்த்தால் ஹம் இல்லை. ஆக, கோளாறு கரண்ட் வழியில்தான். எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பல்ப் ஹோல்டரின் ஒரு வயரை ஃபேஸிலும் மற்றதை மூன்றாவது பின்னின் ஓட்டையிலும் வைத்தார், பல்ப் எரியவே இல்லை. "எர்த் வயரு போர்டு வரைக்கும் வந்திருக்கு சார், அதுக்கப்புறம் குழியில பைப்பே துருப்பிடிச்சிப் போயிடுச்சி" என்றார். கடல் பக்கத்து மண்ணில் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சீக்கிரம் அரித்துவிடும். அடாப்டர்களுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும், அவை கசியவிடும் துளி மின்சாரம் எர்த்துக்குப் போக வேண்டியது. எர்த் இல்லையென்றால் கேபிளின் உறை வழியாக ஆம்புக்குள் புகுந்து ஹம்மாக வரும். இரும்பு கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருப்பதும் இதனால்தான். புதுக் குழி, செம்பு பூசிய ராடு, வயர் எல்லாம் போட்டு, கம்ப்யூட்டர், டிஏசி, ஆம்ப் மூன்றையும் ஒரே போர்டிலிருந்து எடுத்ததும் ஹம் போய்விட்டது. ஹம் போக வேண்டும் என்று ஆம்பின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் யோசனை உங்கள் காதுக்கும் வரும். தயவுசெய்து செய்யாதீர்கள், உயிர் போகும் விஷயம் அது. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றவும் மறக்காதீர்கள்.

நெய்வேலி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது, இருந்தாலும் புயல் மழையில் கரண்ட் போகும். 2011 டிசம்பர் கடைசியில் "தானே" புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்வெர்ட்டர் வாங்கினால் சைன் வேவ் வகையாக வாங்குங்கள். ஸ்கொயர் வேவில் ஆம்பின் ட்ரான்ஸ்ஃபார்மரே ர்ர்ர் என்று முனகும், அது ஸ்பீக்கர் வழியாக அல்லாமல் பெட்டியிலிருந்தே கேட்கும்.

உப்புக்காற்று ஆர்சிஏ பின்களில் பச்சை பூக்க வைக்கும், ஒரு பக்கம் கரகரக்கும், ஒரு பக்கம் சத்தமே வராது. தங்கமுலாம் பூசிய பின், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு, இவை போதும். பெட்டியை எப்போதும் ஆனில் வைத்திருப்பதும் உதவுகிறது, உள்ளே லேசான சூடு இருந்தால் ஈரம் தங்காது. ஸ்பீக்கர்களைப் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழையதாகத்தான் வாங்கினேன். அங்கே பார்ப்பவர்கள் கோனைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால் இந்த ஈரத்தில் பொடிந்திருக்கும், ரப்பர் என்றால் பேரம் பேசலாம்.

கடைசியாக அறை. இவ்வளவு செய்த பிறகும் என் அறையில் பாஸ் கிடாரின் சில ஸ்வரங்கள் மட்டும் குடத்துக்குள் பேசியது போலக் குமுறின. அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். ஒலியின் வேகத்தை அளவின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்தச் சுவர்களுக்கு நடுவே நின்று முழங்கும் அலை எது என்று தெரியும். 30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 12 அடிக்கு ஏறக்குறைய 48 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 57. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57 இரண்டு பக்கமும் சேர்ந்து முழங்குகிறது. பாஸ் கிடாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ், அதற்கடுத்த ஸ்வரம் 58, இரண்டும் சத்தம் கூடும் அந்த மேட்டில்தான் ஏறுகின்றன. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் அளவீட்டுக்கான யூஎஸ்பி மைக் ஒன்றும் வைத்து அளந்தபோது மேடு அதே இடத்தில் நின்றது.

சுவரில் ஒரு அங்குல ஃபோமோ முட்டை அட்டையோ ஒட்டினால் இதற்கு ஒன்றும் ஆகாது. 50 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கே 1.7 மீட்டர் நீளம், ஒரு அங்குலம் அதற்கு எம்மாத்திரம். உட்காரும் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்ததிலேயே பாதி சரியாயிற்று. பக்கச் சுவருக்குக் கனமான திரை, சிவப்பு சிமெண்ட் தரைக்கு ஜமுக்காளம், அது மேல் ஸ்தாயியின் பளபளப்பைத் தணித்தது. மிச்சத்துக்கு கெமில்லாடிஎஸ்பி என்ற மென்பொருளில் ஈக்யூ, அதாவது வேண்டிய அலைவரிசையை மட்டும் ஏற்றி இறக்குவது, 57ஐச் சுற்றி குறுகலாக 7 டெசிபல் குறைப்பு. எம்பிடி இப்போது நேராக டிஏசிக்குப் போகாமல் அதன் வழியாகத்தான் போகிறது. எண்கள் மாறக் கூடாது என்றாயே என்று கேட்கலாம். தெரியாமல் மாறக் கூடாது என்பதுதான் என் கட்சி. இங்கே நான் கேட்டு, அளந்து மாற்றுகிறேன், கணக்கும் 64 பிட் துல்லியத்தில் நடக்கிறது. மேட்டைக் குறையுங்கள், பள்ளத்தை மட்டும் ஏற்ற முயலாதீர்கள், அங்கே அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, எவ்வளவு கொடுத்தாலும் ஆம்ப்தான் திணறும். 80க்குப் பக்கத்தில் எனக்கு அப்படி ஒரு பள்ளம் இன்னும் இருக்கிறது, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இன்னும் அரை அடி தள்ளிவைத்து அடுத்த வாரம் மறுபடி அளக்க வேண்டும்.